பின்கட்டையும் சேர்த்து விற்ற வீடு

"...அத அக்கா காதுல போட்ற வாய் எனக்கு இல்ல தம்பி. மறைச்சது நீ. நீயே வந்து சொல்லு" என்று சின்னம்மா சொல்லி முடித்தபோது, வீட்டு புரோக்கர் ஒரு கால் முற்றத்திலும் ஒரு கால் பின்கட்டு வாசற்படியிலுமாக நின்றிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உள்ளே கட்டிலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பின்கட்டு அக்கா முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி, "யாரு, புது காலடியா கீது?" என்று கேட்டார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவில் அவருக்கு வீடு. சித்தப்பா போனபிறகு தனியாக இருந்தார். முட்டி வலி ஜாஸ்தியாகி, ஓசூரில் இருக்கும் மகன் "வித்துட்டு எங்கிட்ட வந்துடும்மா" என்று நச்சரித்ததில்தான் விற்கவே சம்மதித்தார். பின்கட்டு அக்கா அந்த வீட்டின் பின்பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தவர். எனக்கு மீசை முளைக்கும் முன்பே குடிவந்தவர். உறவு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. சர்க்கரை நோய் அவருடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. "கண்ணு போனா போவுது, இந்த வூடு எனக்கு உள்ளங்கை" என்பார். உண்மைதான். வலது கையைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நடப்பார். காரை பெயர்ந்த இடம் வந்தால் குழாய், சுவர் சில்லென்று ஆனால் குளியலறை, ஆணி தட்டுப்பட்டால் அடுப்பங்கரை. பார்க்கப் போனவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுப்பார், ஒரு சொட்டு சிந்தாது. தெருவில் கால்வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அங்கே தொட்டுக்கொள்ளச் சுவர் இல்லையே.

அதனால் வீட்டை விற்பதென்று ஆனபோது சின்னம்மா கேட்டது ஒன்றே ஒன்று: யார் வாங்கினாலும் பின்கட்டு அக்கா அங்கேயே இருக்கவேண்டும். "அவங்கள ஒருத்தரும் அசைக்க மாட்டாங்கம்மா, நான் கேரண்டி" என்றார் புரோக்கர். சின்னம்மாவுக்கு அதுவே போதும். "வாயால சொல்லிட்டான் இல்ல, அப்புறம் இன்னா?" என்பது அவருடைய சட்டம்.

அக்ரிமென்ட் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகுகாலம். புரோக்கர் பத்து மணிக்குமேல்தான் வந்தாராம். வந்தவர் வீட்டின் நான்கெல்லையைக் கணீரென்று வாசித்திருக்கிறார்: கிழக்கே இன்னார் மனை, மேற்கே வாய்க்கால், வடக்கே இன்னார் சுவர் என்று. அந்தப் பெயர்கள் எல்லாம் சின்னம்மாவோடு பழகிய மனிதர்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கதை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அதற்குள் கடிகாரம் நெருங்கிவிட்டது. "மீதி எல்லாம் ஃபார்மாலிட்டிம்மா. ராகுகாலம் வர்றதுக்குள்ள போட்ருங்க" என்று பேனாவைத் திறந்து கையில் கொடுத்திருக்கிறார். நல்ல நேரத்தைத் தவறவிடக் கூடாது என்கிற பதற்றத்தில், வாசிக்காத பக்கங்களின் அடியிலும் சின்னம்மா கையெழுத்துப் போட்டார்.

வாங்கியவர் ஒருநாள் இன்ஜினியரோடு வந்து பின்கட்டை டேப் வைத்து அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார். "அப்படி ஒரு அம்மா இருக்காங்கன்னு எங்கிட்ட யாருமே சொல்லலீங்களே" என்று அவர் விழித்தார். நான் அக்ரிமென்டை எடுத்துச் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குடியிருப்போர் யாரும் இல்லாமல் வீடு முழுவதையும் காலியாக ஒப்படைக்க வேண்டும், தவறினால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. அட்வான்ஸ் அப்போதே மகனுடைய ஃப்ளாட்டுக்குப் போய்விட்டது.

ஸ்கூட்டரில் சின்னம்மாவை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த புரோக்கர் ஆபீசுக்குப் போனேன்.

"எல்லா அக்ரிமென்ட்லயும் இருக்கறதுதாம்மா இது."

"அப்போ எங்கிட்ட ஏன் படிக்கல?"

"டைம் இல்லம்மா..."

"வாய்க்காலப் படிக்க டைம் இருந்துதே? எங்க அக்காவப் படிக்க இல்லியா?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சொல்லியிருந்தா நீங்க கையெழுத்து போட்டிருக்க மாட்டீங்கம்மா."

அதைவிடப் பெரிய உண்மையை அந்த வியாபாரத்தில் யாருமே பேசவில்லை. வக்கீலும் கையெழுத்து கையெழுத்துதான் என்று கைவிரித்துவிட்டார். புரோக்கரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தார் சின்னம்மா.

இன்று அந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. பௌர்ணமிக்கு ரூம் கிடைக்காது என்கிறார்கள். சின்னம்மா ஓசூருக்குப் போகவேயில்லை. மகன் கோபித்துக்கொண்டு சில மாதம் பேசாமல்கூட இருந்தான். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் அவரும் பின்கட்டு அக்காவும் குடியிருந்தார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர். வழவழவென்று எங்கும் ஒரே மாதிரி. பின்கட்டு அக்கா அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு நடு அறையிலேயே உட்கார்ந்துவிடுவார். "எங்கம்மா இருக்கேன் நானு?" என்று கேட்பார். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. சின்னம்மாவும் இப்போது இல்லை. லாட்ஜைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது அந்த முற்றத்துப் பகல்தான்.

புரோக்கர் வாசற்படியில் வைத்திருந்த காலையும் முற்றத்துக்கு இழுத்துக்கொண்டார். பின்கட்டு அக்காவோ, வந்தவர் யாராயிருந்தால் என்ன என்பதுபோல், "நில்லுப்பா, காபி போடறேன்" என்று எழுந்து சுவரைத் தேடிக் கையை நீட்டினார். புரோக்கர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போனார். சுவருக்குப் போன அந்தக் கையை நடுவழியில் பிடித்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டார். "வாக்கா, நமக்கு ஒரு வூடு பாத்துட்டு வரலாம்" என்றார். "நமக்கா? ஏன், இதுக்கு இன்னா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, எங்கள் இருவரையும் தாண்டி, அவரைத் தெருவுக்கு நடத்திக்கொண்டு போனார்.