மாடிப்படியில் கிடைத்த கதை

மகேஸ்வரி இருபத்திரண்டு வருடங்களில் பதினோரு சிறுவர் கதைப் புத்தகங்கள் எழுதியிருக்கிறாள். எல்லாம் சென்னையில் அச்சாகி, சென்னையிலேயே விற்றுப்போகிறவை. மும்பை மாட்டுங்காவில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் அவள் எழுத்தாளர் என்பது வாட்ச்மேனுக்கும் தபால்காரருக்கும் மட்டும்தான் தெரியும். பெற்ற மகன் ஆதித்யனுக்கே தமிழில் தன் பெயரை எழுத வராது. இங்கே யார் தமிழ் படிக்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு ஊறிப்போயிருந்தது.

கற்பனையில் அவள் சுமார்தான், ஒட்டுக்கேட்பதில் கெட்டிக்காரி. இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போகும் ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வாள். அதுதான் பிற்பாடு கதையாகும்.

சாயிமா அவளுக்குக் கட்டடத்து மாடிப்படியில் கிடைத்தாள். பன்னிரண்டு வயது. பள்ளி விட்டதும் தோழிகளோடு வாசல்வரை வந்து, கையசைத்துவிட்டு உள்ளே நுழைந்து படியில் உட்கார்ந்துகொள்வாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் எழுந்து பக்கத்திலிருக்கும் லேபர் கேம்ப் குடிசைப் பகுதிக்கு நடப்பாள். அங்கே ஒற்றை அறையில்தான் அவள் வீடு. இந்தக் கட்டடத்தில் இருப்பதாகத் தோழிகளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

ஒருநாள் தண்ணீர் கொடுத்து மெல்ல விசாரித்ததும் சாயிமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "யார்ட்டயும் சொல்லிராதீங்க ஆன்ட்டி."

"சத்தியமா சொல்ல மாட்டேம்மா."

மகேஸ்வரி யாரிடமும் சொல்லவில்லைதான். எழுதினாள். சாயிமாவை மர்யம் என்று மாற்றினாள். கையசைப்பு, மாடிப்படி, லேபர் கேம்ப் எதையும் மாற்ற மனம் வரவில்லை; அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது.

புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. சயானில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் அவளை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பிள்ளைகள் எழுந்து வாசிப்பது அங்கே வழக்கம். அன்றைக்கு அவள் புத்தகம். முதல் மூன்று பக்கங்கள் மர்யத்தின் பூனையைப் பற்றித்தான். நாலாவது பக்கத்துக்கு எழுந்தவள் சாயிமா. அவளை அங்கே மகேஸ்வரி எதிர்பார்க்கவேயில்லை. பின்வரிசையில் அதே தோழிகள் இருந்தார்கள்.

"கை... யசைத்... து விட்டு... மாடிப்... படி..."

எழுத்துக்கூட்டி வாசிக்கிறவளுக்கு அர்த்தம் பின்னால்தான் வரும். லேபர் கேம்ப் என்ற சொல்லில் அது வந்தது. சாயிமா தலை நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள்.

போதும் உட்காரம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொன்னாடையும் கையுமாக உட்கார்ந்திருந்தவளுக்கு வாய் எழவில்லை. வகுப்பு நடத்தும் வேலுச்சாமி, "ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தான வாசிக்க, வாசி புள்ள" என்று உற்சாகப்படுத்தினார். சாயிமா பக்கத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பின்வரிசையில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது.

மறுநாளிலிருந்து மாடிப்படியில் அவளைக் காணோம். நம்பிச் சொன்ன பிள்ளையை ஊர் பார்க்க உரித்துக் காட்டிவிட்டோமே என்று மகேஸ்வரி தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு வாரம் இப்படிப் போனது. சனிக்கிழமை லேபர் கேம்ப்பில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். சாயிமாவின் உம்மா ராபியாவுக்கு ஒன்றும் தெரியாது. எழுத்தாளர் வீடு தேடி வந்த சந்தோஷத்தில், பால் வாங்கக் கடைக்கு ஓடினாள்.

"தப்புப் பண்ணிட்டேன் சாயிமா. என்னை மன்னிச்சுடும்மா."

சாயிமா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "பாக்கிக் கதையையும் வீட்ல உக்காந்து வாசிச்சேன் ஆன்ட்டி. ரெண்டு நாளாச்சு. கடைசில மர்யம் உண்மையச் சொல்லுதா. எல்லாரும் கட்டிப்பிடிச்சு தோஸ்த் ஆயிருதாங்க."

"ஆமாம்மா."

"நானும் அதே மாதிரி போயி, அது நாந்தான்னு சொன்னேன்."

சாயிமா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"இப்பம் யாரும் எங்கூடப் பேச மாட்டேங்காங்க. எழுதறதுக்கு முன்னால எங்கிட்டக் கேட்ருந்தா, அப்படில்லாம் நடக்காதுன்னு நானே சொல்லிருப்பேன் ஆன்ட்டி."