காய்ந்த தொட்டியில் ஒரு மீன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, செய்வினை, காத்துக் கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான். பேய் அறைந்துவிட்டது என்று மகளைக் கூட்டி வந்த அம்மாக்களிடம் "ராத்திரி சாப்ட்டாளா?" என்று கேட்டு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியவள். மந்திரித்த கயிற்றைக் கட்டிக்கொண்டு காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது, ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி உண்டு. வீடு கட்டும்போது என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கியது. அவர் என் அத்தை மகன், சின்ன வயதிலிருந்தே பாவா என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணத்துக்குப் பிறகும் அதேதான். திருவாலங்காட்டுப் பக்கம் எங்களுக்குக் கரும்பு நிலம் இருக்கிறது. பாவா பகலெல்லாம் சேற்றில் நின்றுவிட்டு வந்து சாயங்காலம் அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்தால் தட்டில் சோறு போட்டது கூடத் தெரியாது. ஆனால் மனுஷனுக்கு அளவு தெரியாது, கை நிறையத் தீனியைப் போடுவார், தண்ணீர் கெட்டுப்போகும், மீன் மல்லாந்துவிடும். செத்ததை எடுத்துக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைப்பது யார்? நான்தான்.

ஒவ்வொரு மீன் சாகும்போதும் அத்தை, அதாவது என் மாமியார், ஒரே பாட்டைப் பாடுவார். "நம்ம ஊட்டு மேல வந்த கண்டத்த அது வாங்கிகினு போச்சுடீ. மீனு எதுக்கு வளக்கறாங்க? இதுக்குத்தான்." ஊரில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"கண்டமும் இல்ல கத்திரிக்காயும் இல்ல அத்த. உம் புள்ள தீனிய அள்ளிக் கொட்டுது, அதான்" என்பேன்.

கடைசி மீனும் போனதும் தொட்டியைக் கழுவி, கூழாங்கற்களை வெயிலில் காயவைத்து உள்ளே பரப்பி, மூடியைப் போட்டு மூடிவிட்டு, இனிமேல் இந்த வீட்டில் மீன் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பாவாவுக்கு ஆசை விடவில்லை. அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு அலங்கார மீன் கடை இருக்கிறது. உரம் வாங்கப் போனாலும் அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். ஒராண்டா என்று ஒரு ஜாதி கோல்டு ஃபிஷ், வெள்ளை உடம்பு, பாவாடை மாதிரி விரிந்த வால், தலையில் மட்டும் ரத்தச் சிவப்பில் தொப்பி வைத்த மாதிரி ஒரு சதை. அதைப் போனில் படம் எடுத்து வந்து என் மூக்குக்கு நேராக நீட்டுவார்.

"ஒன்னே ஒன்னு டீ. தொட்டி காலியா கீறது நல்லால்ல."

"காலியா இருந்தா இன்னா பாவா? உன் சட்டைய மடிச்சி உள்ள வெச்சிக்கோ."

அவர் முகம் சுருங்கிப்போகும். நான் கண்டுகொள்ள மாட்டேன். வாங்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. விடியற்காலையில்தான் கரெண்டு வரும் என்று பாவா வயலில் மோட்டார் கொட்டாயிலேயே படுத்திருந்தார். காலையில் வீட்டுக்கு வந்தவர், "கண்ணத் தொறக்க முடியலடீ, இமை மூடிகினே போவுது" என்றார். கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, வீங்காது, இப்படித்தான் முதலில் இமை சரியும். ஆட்டோ பிடித்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அங்கே ஊசி போட்டு, மூச்சு நிற்கும் போலிருக்கிறது என்று அரக்கோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வாய்க்குள் குழாயை விட்டு மிஷினில் போட்டார்கள். மிஷின் ஊதினால் நெஞ்சு ஏறும், நிறுத்தினால் இறங்கும். விரல் நுனி கூட அசையவில்லை.

காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் நானும் அத்தையும் ஐ.சி.யு. வாசல் பெஞ்சில். அங்கே உட்கார்ந்துகொண்டு அத்தை அந்த வார்த்தையைச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது நான் சண்டை போட்டிருப்பேன். அழுதுகொண்டே, என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"தொட்டிய காலியா போட்டு வெச்சிட்டியேடீ. மீனு ஒன்னு இருந்திருந்தா அது போயிருக்கும், எம் புள்ள இங்க படுத்துகினு இருக்க மாட்டான். நீதான வாங்க உடல."

நான் கையை உருவிக்கொண்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கவுண்ட்டர் பக்கம் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குக் கிளம்பினேன். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கால் தானாக அந்தக் கடை முன்னால் நின்றுவிட்டது. பாவா போனில் இருந்த படத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன்.

"இதுவா? இதோ கீதே மேடம்" என்று ஒரு தொட்டியைக் காட்டினார். "ஒருத்தரு வந்து வந்து இதத்தான் பாத்துகினு போவாரு. கேட்டா ஊட்ல திட்டுவாங்கன்னு சிரிப்பாரு."

மீன் கண்ணாடி ஓரமாக வந்து நின்றது. அந்தச் சிவப்புத் தொப்பியில் இடது பக்கம் ஒரு சின்னக் கீறல், வெள்ளையாகத் தெரிந்தது. போடுங்கள் என்றேன். அவர் வலையில் பிடித்து, பிளாஸ்டிக் கவரில் தண்ணீர் விட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கையில் கொடுத்தார். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே அது வாயைத் திறந்து திறந்து மூடியது. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்று உறைத்தது. நான் இதை வளர்க்கவா வாங்குகிறேன்? சாகத்தானே வாங்குகிறேன். எல்லாரையும் கேலி பேசின நான், ஒரு மீனைக் கொண்டுபோய் வைத்து, செத்துப்போ செத்துப்போ என்று அதன் முன்னால் உட்காரப் போகிறேனா? அவமானமாக இருந்தது, என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"வேணாங்க" என்று கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இன்னா மேடம் இது, வெளையாட்டா?" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தார்.

பிளாட்பாரத்தில் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திருத்தணி மலைக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக ரயிலில் நின்றுகொண்டு வந்து, குளித்து, துணி மாற்றி, கூடத்து விளக்கைக் கூடப் போடாமல் கதவைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் பகலில் ஆஸ்பத்திரியில் பாவாவின் காப்பீட்டு அட்டை வேண்டும் என்றார்கள், அது வீட்டு பீரோவில் இருந்தது. அத்தையை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் வந்தேன். நல்ல உச்சி வெயில். மலையிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிறது, தெருவில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பட்டப்பகல் என்பதற்காகச் சொல்கிறேன், இருட்டில் எதையோ பார்த்து மிரண்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பூட்டைத் திறந்து உள்ளே போனேன். கூடத்தில் ஒரு சத்தம். டப். கொஞ்சம் விட்டு மறுபடியும், டப்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். தொட்டிக்குள் மீன் இருந்தது. மூடி போட்டது போட்டபடி இருக்கிறது, கற்கள் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கின்றன, சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தக் கற்கள் மேல் வெள்ளை உடம்பும் சிவப்புத் தொப்பியுமாக அது ஒருக்களித்துக் கிடந்து வாலை அடித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். தொப்பியில் இடது பக்கம் அந்தக் கீறல்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அத்தை.

"எல்லாரையும் வெளிய தொரத்திட்டாங்கடீ. ஓடறாங்க, நெஞ்சப் போட்டு அமுக்கறாங்க. எம் புள்ள போறான்டீ, சீக்கிரம் வா..."

போனைக் காதில் வைத்தபடியே நான் அந்த மீனைப் பார்த்தேன். அத்தை சொன்னதெல்லாம் உண்மையானால் நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும். அது போய்விடும், பாவா இருப்பார். எனக்கு நம்பிக்கை கிடையாது என்று சொன்னேனே, அந்த நிமிஷம் நான் முழுசாக நம்பினேன். முருகா, இது போகட்டும், அவரை விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னேன். நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வால் அடிப்பது குறைந்துகொண்டே வந்தது. வாய் மட்டும் திறந்தது, மூடியது. செவுள் ஏறியது, இறங்கியது. எனக்கு மிஷினில் கிடக்கிற பாவா நெஞ்சுதான் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. அவர்தான் அங்கே கற்கள் மேல் கிடந்து மூச்சுக்கு ஏங்குகிறார் என்று தோன்றிவிட்டது. போனைக் கீழே போட்டேன். சமையலறைக்கு ஓடிக் குடத்தைத் தூக்கி வந்து, மூடியைத் தள்ளிவிட்டு, அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தேன். இன்னொரு குடம். இன்னொன்று. ஐயோ, நானே அவரைக் கொன்றுவிட்டேன் என்று கத்திக்கொண்டே ஊற்றினேன், அதுவும் நினைவிருக்கிறது.

மீன் தண்ணீரில் ஒரு சுற்றுப் புரண்டு நிமிர்ந்தது.

கீழே கிடந்த போனில் அத்தையின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். "வந்துச்சாம்டீ, துடிப்பு வந்துச்சாம்" என்று அழுதுகொண்டிருந்தார்.

பாவா பிழைத்துக்கொண்டார். அன்று ராத்திரியே விரலை அசைத்தார், பிறகு கண்ணைத் திறந்தார், குழாயை எடுத்தார்கள், வீட்டுக்கு வந்தார். கட்டுவிரியன் கடியில் அப்படித்தான், விஷம் இறங்கினால் ஆள் பழையபடி ஆகிவிடுவார், டாக்டருக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வீட்டில் தொட்டியைப் பார்த்ததும் பாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாங்க மாட்டேன்னு சொல்லிகினு இருந்த. எனக்கோசரம் வாங்கினியா?"

"ஆங்" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. பாவா வயலுக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் அரக்கோணம் போய் அந்தக் கடைக்காரரைப் பார்த்தேன். மீனை யார் வாங்கினார்கள், வீட்டுச் சாவி யாரிடம் போயிற்று, ஏதாவது ஒரு நூல் கிடைக்காதா என்றுதான் போனேன். என்னைப் பார்த்ததும் அவரே கேட்டார்.

"இன்னா மேடம், மீனு நல்லாகீதா?"

"எந்த மீனு?"

"வெளையாடாதீங்க. வேணாம்னு குடுத்துட்டுப் போய், கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து நீங்கதான வாங்கினு போனீங்க? கவர்ல போடறேன்னா வேணாம்னுட்டீங்க. தண்ணியே வேணாம்னு முந்தானைய விரிச்சீங்க. செத்துப்புடும் மேடம்னு சொன்னேன். 'ஆங், தெரியும்'னு சொல்லிட்டு நடந்துட்டீங்க."

நான் போகவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன், சத்தியமாக உட்கார்ந்துதான் இருந்தேன். சரி, பித்துப் பிடித்த மாதிரி நானே போய் வாங்கி, நானே வீட்டில் போட்டு, நானே மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சாயங்காலம் காய்ந்த கல்லில் போட்ட மீன், ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாமல் மறுநாள் உச்சிப் பொழுது வரைக்கும் எப்படி உயிரோடு கிடக்கும்? அப்படி இல்லையென்றால், என் முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கடைக்கு வந்து போனது யார்? இரண்டில் எது உண்மையானாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மீன் நன்றாக இருக்கிறது, பெரிதாகிவிட்டது. பாவா கண்ணாடியில் விரலை வைத்தால் விரலோடு நீந்தி வருகிறது. அத்தை வந்தாலும் வாயைத் திறந்துகொண்டு மேலே வருகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் கூட வருகிறது. நான் கூடத்துக்குள் கால் வைத்தால் மட்டும் தொட்டியின் பின்மூலையில் போய் ஒண்டிக்கொண்டு, நான் போகும் வரைக்கும் முன்னால் வருவதில்லை. தண்ணீர் ஊற்றினவளும் நான்தானே என்று அதனிடம் சொல்ல வாய் வருகிறது, ஆனால் சொல்ல முடிவதில்லை.