வல்லூறு ஓட்டுகிறவர்

கப்பலை நகர்த்துவதற்கு முன்னால் டிரைவர் மேசையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். மோவாயை விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரல் நீளமே இருக்கும் பிளாஸ்டிக் கப்பலின் மூக்கு வழியாக எதிரியைப் பார்ப்பார். மற்றவர்கள் நின்றபடி, மேலிருந்து பார்த்து ஆடுகிறவர்கள். "மேலேருந்து பாத்தா எல்லாம் சுலபமாத்தான் இருக்கும். சீட்ல உக்காந்து பாருங்க, வண்டி எங்க இடிக்கும்னு அப்பத்தான் தெரியும்" என்பார். எழுந்திருக்கும்போது முழங்கால் இரண்டும் சடக்கென்று சத்தம் போடும். "அண்ணன் எஞ்சின ஸ்டார்ட் பண்ணிட்டாரு, ஒதுங்குங்க" என்று யாராவது சொல்வார்கள்.

சனிக்கிழமை பிற்பகல்களில், சைக்கிள் கடைக்கு மேலேயிருக்கும் நீள அறையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வெள்ளைப் புள்ளி தெளித்த கறுப்புத் துணியை விரித்தால் அதுதான் விண்வெளி. சாம்பல் பூசிய ஸ்பாஞ்சுத் துண்டுகள் விண்கற்கள். அவரவர் கப்பல்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்து, முறை போட்டு நகர்த்தி, பகடை உருட்டிச் சுட்டுக்கொள்வார்கள். பல் டாக்டரிடம் செங்கல் அளவுக்கு ஒரு கோட்டைக் கப்பல் உண்டு. நாலு பக்கமும் பீரங்கி, துணைக்குச் சில பொடிக் கப்பல்கள். டிரைவரிடம் இருப்பவை இரண்டே இரண்டு வேகத் தாக்குதல் கப்பல்கள். ஒன்றின் பெயர் வல்லூறு. அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருப்பதற்குத் 'தங்கச்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்.

வல்லூறுக்கு மூக்கில் மட்டும்தான் கவசம். விலாவும் வாலும் அப்பளம் மாதிரி. ஒரு நல்ல பகடை விழுந்தால் நொறுங்கிவிடும். சுடுவதும் நேர் முன்னால்தான். முழு வேகம் எடுத்துவிட்டால் அடுத்த முறையில் திரும்பவும் முடியாது. இத்தனை குறை உள்ள கப்பலை வைத்துக்கொண்டு அவர் ஜெயிப்பதுதான் டாக்டரின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். டிரைவரின் வழி இது. கல்லுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் பதுங்கியிருப்பார். தங்கச்சியை எதிர்ப்பக்கம் ஓடவிட்டு, கோட்டைக் கப்பலின் பீரங்கிகளை அந்தப் பக்கம் சுட வைப்பார். அவை மறுபடி குண்டு ஏற்றிக்கொண்டிருக்கும்போது வல்லூறை அவிழ்த்துவிடுவார். அது கோட்டைக் கப்பலின் வால்பக்கமாக வந்து, கடித்து, நிற்காமல் அந்தப் பக்கம் போய்விடும். "அடிச்சிட்டு நின்னு அழகு பாக்கக்கூடாது. விழுந்தானா இல்லையான்னு பின்னாடி வர்றவன் பாத்துக்குவான். வந்த வழியே திரும்பவும் கூடாது. அங்கதான் நமக்கு இலை போட்டு வெச்சிருப்பான்."

வாரம் முழுக்க இதே மனிதர் ஓட்டியது பள்ளிப் பேருந்து. அதை அவர் உருட்டிக்கொண்டு போகிற அழகைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்கள் ஹாரனைக் கதற விடுவார்கள். ஜன்னலோரப் பிள்ளைகளே, "டிரைவர் அங்கிள், நடந்து போறவங்க நம்மள தாண்டிட்டாங்க" என்று முறையிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் எங்கிருந்து இந்த வேகம் வருகிறது என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். "பஸ்ல பிள்ளைங்க இருக்கு டாக்டர். இதுல நான் மட்டும்தானே இருக்கேன்" என்றார்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எல்லாம் அவர் நினைத்தபடியே கூடி வந்தது. தங்கச்சி தன் வேலையை முடித்துவிட்டது. கோட்டைக் கப்பல் சுட்டு ஓய்ந்திருந்தது. வல்லூறு கல்லைவிட்டு முழு வேகத்தில் வெளியே வந்தது. டாக்டர் ஒரு பொடிக் கப்பலின் மேல் விரலை வைத்து, "நான் சுடலாமா?" என்று கேட்டார். இடது விலாவில் அடி. வல்லூறு போயிற்று.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார் டிரைவர்.

"எங்கேருந்தும் வரல அண்ணே. அது அங்கயேதான் இருந்துது. நீங்க டீ குடிக்கும்போதே அங்கதான் இருந்துது."

அறை முழுக்கச் சிரித்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்றார் ஒருவர். டிரைவர் சிரிக்கவில்லை. முகத்தை நேரே வைத்துக்கொண்டு, இடது கை ஆள்காட்டி விரலைக் காதருகே நிறுத்தி, மெல்ல முன்னால் கொண்டுவந்தார். விரல் கண்ணுக்குத் தெரிவதற்குள் கன்னத்தைத் தாண்டி வந்துவிட்டது. வலது பக்கமும் செய்து பார்த்தார். அந்தப் பக்கம் பரவாயில்லை. கப்பல்களைப் பெட்டிக்குள் வைத்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிவிட்டார்.

பேருந்தின் இடது பக்கம்தான் பிள்ளைகள் ஏறி இறங்குகிற பக்கம். திங்கட்கிழமை காலை, பணிமனை மேலாளரின் மேசையில் சாவியை வைத்தார்.

"காய்ச்சலா?"

"இல்ல சார். கண்ணு. இனிமே நான் எடுக்கல."

"கண் டாக்டர் சொன்னாரா?"

"இனிமேதான் காட்டணும்."

மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. கண் மருத்துவமனையில் காரணம் தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பக்கப் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரிபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வண்டி ஓட்டவே கூடாது. அதே பணிமனையில் இப்போது அவர் பேருந்துகளை அனுப்புகிறவர். காலையில் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்த்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, கடைசியில் வண்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். வண்டி வாசலைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய மனைவி ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறவர். உண்மைக் காரணத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "வயசான காலத்துல பொம்மை வெச்சு ஆடுறீங்களேன்னு எத்தனை நாள் ஏசியிருக்கேன். அந்தப் பொம்மைதானா சொல்லுச்சு?" அதோடு ஏசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் டிரைவர் சனிக்கிழமைகளில் வெளியே போவதை விட்டுவிட்டார். பெட்டி அலமாரிக்கு மேலே ஏறியது. கேட்டால், "பாக்கறதுக்கே வழியில்ல, பாய்ச்சல் ஒரு கேடா?" என்பார்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த மனைவி, ஒரு சனிக்கிழமை கடையிலிருந்து மாவு ஒட்டிய கையோடு வந்து, நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். "கிளம்புங்க. வீட்ல உக்காந்து என் உயிர எடுக்கறதுக்கு அந்த டாக்டர் உயிர எடுங்க. நானும் வர்றேன்."

அறைக்குள் வந்ததும் கணவரின் இடது பக்கம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆட்டம் புரியாவிட்டாலும் கண்ணில் படுவதைச் சொன்னார். "இந்தப் பக்கம் சின்னதா ஒண்ணு நிக்குது. மூக்கு நம்மளப் பாத்து இருக்கு. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, திருட்டு முழி முழிக்குது."

"ஒரு கப்பலுக்கு ரெண்டு ஆளா?" என்று டாக்டர் கிண்டலாகக் கேட்டார்.

"போர்க்கப்பல்னு சொல்றீங்க, அதுல ஒரே ஒரு ஆளா டாக்டர் இருப்பான்?" என்றார் அம்மாள். நியாயமான கேள்வி.

முதல் வாரங்களில் டிரைவருக்கு நம்பிக்கை வரவில்லை. மனைவி சொன்ன பிறகும் கழுத்தை முழுக்கத் திருப்பி, தானே ஒருமுறை பார்த்துக்கொள்வார். அதைக் கவனித்தே அவர் எந்தப் பக்கம் பாயப்போகிறார் என்று டாக்டர் முன்கூட்டியே தெரிந்துகொண்டார். நாலு சனிக்கிழமை தொடர்ந்து தோல்வி. அம்மாளுக்குத் தாங்கவில்லை. ரொட்டிக்கடையில் நின்றுகொண்டே கோட்டைக் கப்பலை ஒழிக்க வழி யோசிக்கத் தொடங்கினார். "தங்கச்சிய ஏன் எப்பப் பாத்தாலும் அடிவாங்க அனுப்புறீங்க? ஒருநாள் அண்ணன் வல்லூறு போய் அடி வாங்கட்டும், அவ போய்க் கடிக்கட்டும்."

போன சனிக்கிழமை அப்படித்தான் செய்தார்கள். வல்லூறு முன்னால் போய் ஆட்டம் காட்டியது. டாக்டர் ஆசையோடு அத்தனை பீரங்கிகளையும் அதன் மேல் திருப்பி அதைத் தூளாக்கினார். கல்லுக்குப் பின்னால் தங்கச்சி மட்டும் மிச்சம். கோட்டைக் கப்பலின் வால் எதிரே திறந்து கிடந்தது. இந்த ஒரு பாய்ச்சல் தவறினால் ஆட்டம் முடிந்தது. டாக்டரின் கண் டிரைவரின் கழுத்தின் மேல் இருந்தது.

டிரைவர் குந்தி உட்கார்ந்து, மோவாயை விளிம்பில் வைத்தார்.

"இடது பக்கம்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. போங்க."

அவர் தலையைத் திருப்பவில்லை. விரலால் தங்கச்சியை முழு வேகத்துக்குத் தள்ளினார்.