ஓடிபி சொல்லாத அப்பனுக்குத் தணிகைமலையான் செய்த உதவி

முருகனடியார்களே, வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பெற்ற மகளையே மோசடிக்காரி என்று நினைத்துப் போனை வைத்தவன் நான். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

என் மகள் ஹேமா பிளஸ் ஒன் சேர வேண்டிய நேரத்தில் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ரயிலேறி அரக்கோணம் பள்ளிக்குப் போக முடியாது. ஆன்லைன் பள்ளியில் சேர்த்தோம். படுத்தபடியே படித்தாள். புரியாத பாடத்தை நான்கு முறை திருப்பிக் கேட்டாள். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் பேச ஒரு தோழி கிடையாது. சோதனைக் குழாயைப் படத்தில்தான் பார்த்தாள்.

எனக்கு வேறு சந்தேகம். நான் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். எரிந்த மோட்டாரை முகர்ந்து பார்த்தே பழுதைச் சொல்வேன். கட்டடமும் மணியும் இல்லாத பள்ளியை எங்கே முகர்வது?

முழு ஆண்டுத் தேர்வு பத்து மணிக்கு. ஹேமா எழுதுவது லேப்டாப்பில்; பள்ளிச் செய்தி வருவது வீட்டிலிருக்கும் ஒரே போனுக்கு. அதை முருகன் காலடியில் வைத்து எடுத்து வரலாம் என்று காலையில் மலையேறினேன். புதுச் சாவி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வைப்போமே, அந்தப் பழக்கம். அன்று கிருத்திகை என்பதை மறந்துவிட்டேன். திருத்தணிக்காரன் மறக்கிற விஷயமா அது? வரிசை நகரவே இல்லை.

பத்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நைனா, எதிர் வூட்டு அக்கா போன்லேர்ந்து பேசறேன். உன் போனுக்கு ஓடிபி வந்துகீதா பாரு. சொன்னாதான் பரீட்சை எழுத முடியும்."

"எம் பொண்ணு குரல்லயே பேசறியாம்மா? நியூஸ்ல பாத்துகினுதான் இருக்கேன். வை போன."

மறுபடி அழைத்தாள். அழுதாள். "நல்லா நடிக்கிற" என்றேன். மூன்றாவது முறை எடுக்காமலே துண்டித்தேன்.

பிறகுதான் யோசித்தேன். நிஜமாகவே அவளாக இருந்தால்? திருப்பி அழைத்தேன். வேறொரு அழைப்பில் இருந்தது. பத்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருஷம் போய்விடும். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். "முருகா, யார நம்பறதுன்னு எனக்குத் தெரியல. நீயே யாரையாவது பேச வை."

பத்து இருபதுக்குப் போன் அடித்தது. ஹேமாவின் கணக்கு டீச்சர். அந்த அம்மா முகமே கம்ப்யூட்டர் வரைந்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"ஹேமா அழுதுட்டே கூப்பிட்டா சார். ஓடிபி இல்லாமலே நான் உள்ள சேத்துட்டேன். எழுதிட்டிருக்கா. நீங்க பதறாம சாமி கும்பிட்டு வாங்க."

வரிசையிலேயே உட்கார்ந்து அழுதேன். பின்னால் நின்ற காவடிக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

ஹேமா தேறிவிட்டாள். காலும் சரியாகி, இப்போது பிளஸ் டூவுக்கு ரயிலேறிப் போகிறாள். ஆன்லைன் பள்ளி மேல் எனக்கு இன்னும் பாதிச் சந்தேகம் இருக்கிறது. நீங்களும் நன்றாக விசாரித்தே சேருங்கள். ஆனால் முருகனிடம் கேட்பதைச் சந்தேகமில்லாமல் கேளுங்கள். அவன் யார் மூலமாகப் பேசினாலும் எடுத்துப் பேசுங்கள்.

பரீட்சைக்கு மறுநாளே டீச்சரை அழைத்து நன்றி சொல்லியிருந்தேன். நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னை நம்பலைன்னா பரவாயில்ல சார். அழறது உங்க பொண்ணுன்னுகூட உங்களுக்குத் தெரியலையே."