ஐயனுக்கு எங்கள் வீட்டில் வழங்கிய சொல்

எங்கள் தகப்பனார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை ஐயன் என்றே அழைத்து வளர்ந்தோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். திதிக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம்.

ஐயன் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, அயலார் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துத் தம்பியை ஆளாக்கினார். பின்பு பாறையை உடைத்துத் தமக்கென ஒரு கிணறு வெட்டினார். கோபத்திலும் மாட்டை அடித்தவரல்லர்.

எனக்குப் பதினாறு வயதானபோது, ஒரு காலை கவலை ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலக்கையும் வலக்காலும் விழுந்தன. வாய் கோணிப் பேச்சு நின்றது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சித்தூரிலிருந்து வந்த மலையாள வைத்தியர் நாடி பார்த்து, "தளர்வாதம்" என்றார். நாம் பாரிசவாயு என்பதற்கு அவர்கள் சொல் அது. மலையாளம் அறியாத அம்மாவின் காதில் முதற்பாதி மட்டுமே விழுந்தது என்று நினைத்தேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஒடம்பு தளந்து போச்சுங்க, அவ்வளவுதானுங்க" என்றார்.

ஊரார் அப்படிச் சொல்லவில்லை. வழி கேட்பவர்களுக்கு எங்கள் சாளையை "மொடவரு ஊடு" என்று காட்டினார்கள். பகையால் அல்ல, அடையாளத்துக்குத்தான். ஆனால் ஐயனுக்குக் காது நன்றாகக் கேட்டது. அப்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

வைத்தியர் சொன்னதன் பொருளை ஒருநாள் அம்மாவிடம் விளக்கினேன். அவர் ஐயனின் காலுக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியுங் கண்ணு. மொடம்னா முடிஞ்சு போச்சுன்னு ஆயிரும். தளந்தவரு தேறுவாரு. நீயும் அப்படியே சொல்லு."

ஓராண்டில் ஐயன் கோல் ஊன்றி நாலடி வைத்தார். பேச்சு பாதி திரும்பியது. வலக்கை மட்டும் வரவேயில்லை.

என் நிச்சயதார்த்தத்தன்று அதுவே பேச்சாயிற்று. இடக்கையால் தட்டு மாற்றலாகாது, சித்தப்பா மாற்றட்டும் என்றனர் பெரியவர்கள். சித்தப்பா அண்ணனைப் பார்த்தபடி தயங்கி நின்றார். மாப்பிள்ளையின் தகப்பனார், "அவருக்கு என்ன சீக்குங்க?" என்று நேராகவே கேட்டார்.

அம்மா பதில் சொல்லுமுன் ஐயனே வாய் திறந்தார். "தளந்து… போயிருக்கறனுங்க. மொடமில்லீங்க. எம் புள்ளைக்கு… நாந்தானுங்க குடுக்கோணும்."

சம்பந்தி எழுந்து வந்து ஐயனின் எதிரே உட்கார்ந்தார். ஐயன் இடக்கையால் தட்டை நீட்டினார். சம்பந்தி அதன் அடியில் தம் இரு கைகளையும் கொடுத்து, "குடுங்க சம்பந்தி" என்று வாங்கிக்கொண்டார். ஐயன் அழுததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் எங்களோடு இருந்தார். என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார். சென்ற மார்கழியில் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் அம்மாவின் கையைப் பிடித்தபடி அடங்கினார்.

அழைத்தபோதெல்லாம் ஆறு தாண்டி வந்த வைத்தியருக்கும், தினமும் தோளில் தாங்கிப்போய்க் குளிப்பாட்டிய சித்தப்பாவுக்கும், பாடையின் நாலு முனைக்கும் தோள் கொடுத்த அயலாருக்கும் எங்கள் நன்றி. ஒரு வேண்டுகோளும் உண்டு. அம்மா இன்றும் சாயங்காலம் ஐயன் குளிக்க வெந்நீர் வைத்துவிட்டு, அடுப்பின் முன் வெறுமனே நிற்கிறார். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் வருகிறவர்கள், சற்று அவரோடு உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.