கரண்டு இல்லாத கிடார்

பிள்ளைகளா, விருத்தாசலத்தில் என் பீங்கான் பொம்மைப் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கிடார்காரர் இருந்தார். முதுகு வரை முடி. டீ குடிக்கும்போதும் இடது கை விரல்கள் கிளாஸ் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெவி மெட்டல் என்று காதைப் பிளக்கும் இசை வாசிப்பார். பெங்களூரில் ஒரு குழு அவரை லீட் கிடாருக்குக் கூப்பிட்டது.

கிளம்புகிற அன்று, "நம்மூர்ல ஒருத்தராவது உட்காந்து கேக்கணும்ணே" என்று ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். கரண்டு போய்விட்டது. பஸ்ஸுக்கோ நேரமாச்சு.

"காதை இதுமேல வைங்கண்ணே."

கிடார்க் கட்டையில் காதை வைத்தேன். விரல்கள் பறந்தன. கொசு பாடுகிற மாதிரிதான் கேட்டது.

"இதுக்கா தம்பி தெருவே உன்னத் திட்டுது?"

"கரண்டு இருந்தா உங்க பொம்மையெல்லாம் ஆடும்ணே!"

அவர் பஸ் ஏறிய பிறகுதான் கரண்டு வந்தது. டிவியில் அந்த மாதிரி இசை வந்தால் நீங்கள் காதைப் பொத்துகிறீர்கள். நான் காதைக் கிட்டே கொண்டுபோகிறேன்.