பட்டாளத்தாரின் தாடி

என் கணவர் வெள்ளிக்கிழமையிலும் சவரம் செய்துகொள்வார். செவ்வாய், அமாவாசை எதுவும் அவருக்குக் கிடையாது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்ட பிறகும், பொழுது விடிந்தால் கிணற்றடியில் கண்ணாடியை மாட்டி நுரை போட ஆரம்பித்துவிடுவார். அறுப்பு நாளானாலும் முகம் வழித்த பிறகுதான் கழனிக்குப் போவார். "யாரு வந்து பாக்கப் போறாங்கோ, எருமையா?" என்று கேட்பேன். கன்னத்தில் நுரையைக் குழைத்துக்கொண்டே இருப்பார். சரியான கல்லுளிமங்கன்.

அந்தச் சவரத்தின் மேல் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முகம் வழிக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது. பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நான் முதல் பிள்ளையைச் சுமந்தபோது இவர் எங்கோ வடக்கே எல்லையில் இருந்தார். பட்டாளத்தில் இவர் தாடி வளர்க்க முடியுமா? தினமும் வழித்தாக வேண்டும். மாதம் நிறைந்து பிறந்த ஆண் பிள்ளைக்கு உயிர் இல்லை.

"அவன் அங்க செரச்சிக்கினு கீறான், இங்க புள்ள எப்படித் தங்கும்?" என்றார் என் மாமியார். ஊரும் அதையே சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

லீவு கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வெகு நாளாகியிருந்தது. மாமியார் அதே பேச்சை அவர் முகத்துக்கு நேராகவும் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டு சோறு தின்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரப்பு வெட்டினார், கூரை மாற்றினார், டிரங்குப் பெட்டியோடு மறுபடி பஸ் ஏறிவிட்டார். அவர் அழுதிருந்தால் எனக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும். இரண்டு பேர் பிள்ளைக்கு நான் ஒருத்தியே அழுதேன்.

பிறகு ஒரு பெண் பிறந்தாள். அப்போதும் அவர் வழித்துக்கொண்டுதான் இருந்தார், பெண் நன்றாகத்தான் இருந்தாள். அதை யாரும் பேசவில்லை. மகளுக்கு அவர் நல்ல தகப்பன், குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் பெரியவனைப் பற்றிப் பேச மட்டும் அந்த வீட்டில் எனக்கு ஆள் கிடையாது.

மகளைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்தோம். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்த மறுநாள் காலையில் இவர் கண்ணாடியை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. தாடி வெள்ளையாக வளர்ந்தது. டீக்கடையில், "இன்னா மிலிட்டரி, சாமியாரா போகப் போறியா?" என்று கேலி பேசினார்கள்.

"இன்னாங்க இது கோலம்?" என்று நானும் கேட்டேன்.

"மாப்பிள்ள கம்பெனில தாடியோட வுட மாட்டாங்களாம். யாராச்சும் ஒருத்தரு வளத்தா ஆச்சி இல்ல?"

மகள் பிள்ளைக்காக மாப்பிள்ளைக்குப் பதில் மாமனார் தாடி வளர்க்கிற அதிசயம் எந்த ஊரில் உண்டு? சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உறைத்தது. மாமியார் சொன்னதை இந்த மனுஷன் நம்பியிருக்கிறார். பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறார். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக வந்தது. நானும் அதே வீட்டில்தானே இருந்தேன், என்னிடம் சொன்னால் என்ன?

பேரன் நல்லபடியாகப் பிறந்தான் என்று ஒரு காலையில் போன் வந்தது. அவர் நேராகக் கிணற்றடிக்குப் போனார். கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி வெட்டினேன். பாதி தாடி போயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"நம்ம பெரியவன் மொகம் எப்படி இருந்துச்சி?"

"உங்கள மாதிரிதான். நெத்தி, காது எல்லாம்."

"முடி?"

"நெறைய இருந்துச்சி."

அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் கத்தரிக்கோலோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவனைப் பற்றி நிறையப் பேசினோம். இருந்திருந்தால் பட்டாளத்துக்கு அனுப்பியிருக்க மாட்டேன் என்பார். உங்க பேச்சை அவன் எங்கே கேட்கப்போகிறான் என்பேன். சில நாள் அதற்காகச் சண்டைகூடப் போட்டோம். இல்லாத பிள்ளைக்காகப் போட்ட சண்டைதான், ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். மகள் தினமும் போன் செய்கிறாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று விசாரிக்கிறாள். அப்பாவை நினைத்து அவளும் அழுகிறாள், நானும் அழுகிறேன். அவள் அண்ணனுக்கு முடி எப்படி இருந்தது என்று கேட்க இனிமேல் யாரும் இல்லை.